கோமளத்தைக் கூட்டிப்போக வந்த தீவு

ஆலங்குறிச்சி பெரிய ஏரியில் ஒரு தீவு வந்து நின்ற அன்றைக்குக் காலையில், மாவுக்கடை கோமளம் வழக்கம்போல வாசலில் உட்கார்ந்து உளுந்து களைந்துகொண்டிருந்தாள். களைந்த தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றப் போனவள் தலையைத் தூக்கிப் பார்த்தால், நேற்று வரைக்கும் நீர்க்கோழியும் ஆகாயத்தாமரையும் தவிர ஒன்றும் இல்லாத ஏரி நடுவில் பனைமரங்கள் நிற்கின்றன, பனைமரங்களுக்குக் கீழே வீடுகள் நிற்கின்றன, வீட்டுச் சுவரெல்லாம் சித்திரம், சித்திரத்துக்கு முன்னால் கயிற்றில் யாரோ துணி காயப்போட்டிருக்கிறார்கள். கோமளம் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். ஐயோ, நாம் போகாததால் அது வந்துவிட்டது என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

ஊர் என்ன செய்தது என்று கேட்பீர்கள். ஊர் பல் விளக்கியது. பால்காரர் சைக்கிளை நிறுத்தி ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஏரியத் தூர் வாரு தூர் வாருன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டோம், வாராம விட்டா எவனாச்சும் எதையாச்சும் கொண்டாந்து போட்டுட்டுத்தான் போவான் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். முதல் பஸ் ஏரிக்கரை வளைவில் வேகம் குறைந்தது, பயணிகள் எல்லோரும் ஒரே பக்கமாக எட்டிப் பார்த்ததில் வண்டி கொஞ்சம் சாய்ந்தது, அவ்வளவுதான். கடலுக்கும் ஆலங்குறிச்சிக்கும் நடுவில் பகல் முழுக்க பஸ்ஸில் போகிற தூரம் இருக்கிறதே, அதைத் தாண்டி எப்படி வந்தது என்று ஒருத்தராவது கேட்கணுமே! கேட்கவில்லை. டீக்கடையில் நடந்த வாக்குவாதமெல்லாம் அது எந்த வார்டில் சேரும் என்பதைப் பற்றித்தான்.

கோமளத்துக்கு எப்படித் தெரிந்தது என்றால், அதற்குக் கொஞ்சம் பின்னால் போகணும். அந்தத் தெருவில், அடுத்த தெருவில், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இருக்கிற வீடுகளில் விடிந்தால் வேகிற இட்லியெல்லாம் கோமளத்தின் மாவு. அவள் ஊறவைத்தால்தான் ஊர் சாப்பிடும். உளுந்தை ஊறப்போட்டு, அரிசியை ஊறப்போட்டு, ஆட்டி, அள்ளி, உப்புப் போட்டுக் கரைத்து, புளிக்க வைத்து, தூக்குப் பாத்திரங்களில் ஊற்றித் தந்து நிமிர்ந்தால் மறுபடி உளுந்து. கிரைண்டரை நிறுத்தின பிறகும் அந்தக் கடகடச் சத்தம் அவள் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். கோயிலில் கண்ணை மூடி நின்றாலும் ஓடும், தலையணையில் தலை வைத்தாலும் ஓடும். பகலில் அவள் கால் நீட்டிப் படுத்து யாரும் பார்த்ததில்லை. காய்ச்சல் வந்தபோதுகூட ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு மாவு அள்ளித் தந்தாள், வாங்க வந்தவர்களும் உடம்பப் பாத்துக்க கோமளம் என்று சொல்லிக்கொண்டே பாத்திரத்தை நீட்டினார்கள்.

அவள் வீட்டுக்காரர் தணிகாசலம், பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆயுசு முழுக்க மற்றவர்களை ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் தான் மட்டும் எந்த ஊரிலும் இறங்கிப் பார்க்காதவர். அவர் பார்த்துக்கொண்டிருந்த டிவியில்தான் ஒருநாள் சித்திரத்திட்டைக் காட்டினார்கள். தென்கடலில் ஒரு சின்னத் தீவு, வீடெல்லாம் சித்திரம், படகெல்லாம் சித்திரம், ஓலைப் பெட்டியின் அடியில் யாரும் திருப்பிப் பார்க்காத இடத்தில்கூட ஒரு மீன்; வெளியூரிலிருந்து வந்தவர்கள் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், சும்மா கடலைப் பார்க்கிறார்கள். சும்மா! கோமளம் கையெல்லாம் மாவோடு அப்படியே நின்றுவிட்டாள். "ஏங்க, அங்க போயி ஒரு பகல் முழுக்கப் படுத்துத் தூங்கணுங்க" என்றாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்ட ஆசை அது ஒன்றுதான்.

அன்றைக்குத் தொடங்கியது திட்டம். சும்மா சொல்லக் கூடாது, திட்டம் போட்ட அந்தக் காலந்தான் அவர்கள் வாழ்க்கையிலேயே சந்தோஷமான காலம். பீரோ மேலே ஒரு பை ஏறியது. பைக்குள் பிரிக்காத சோப்பு, மடிப்புக் கலையாத துண்டு, வெயிலுக்கு ஒரு ஓலைத் தொப்பி. புளிசாதம் கட்டுவதா தயிர்சாதம் கட்டுவதா என்று இரண்டு பேருக்கும் சண்டை வந்து ஒரு வேளை பேசாமல்கூட இருந்தார்கள். ஜன்னலோர சீட்டு அவளுக்குத்தான் என்று முடிவாயிற்று. ஆனால் தணிகாசலம் மட்டும், தானும் வருவதாக வாயைத் திறந்து சொல்லவே இல்லை. கண்டக்டர் புத்தி, கடைசி ஸ்டாப்பு வரைக்கும் ஒரு சீட்டைக் காலியாக வைத்திருக்கும். "நீ போறது முடிவு. நான் பொறப்படற அன்னிக்குப் பாத்துக்கலாம்" என்பார்.

தீவில் தங்க இடம் தருகிறவள் சவேரியம்மா. கோமளம் போன் போட்டாள். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "அக்கா, நான் மாசி கடைசில வர்றேன், கடலப் பாத்த மாதிரி ஒரு ரூம் வைங்க" என்றாள்.

"வச்சிருதேன் தங்கச்சி. வாரேன்னு சொல்லிட்டா பாயை விரிச்சிருவேன். விரிச்ச பாயை நாங்க சுருட்ட மாட்டோம். வீட்டுக்காரரும் வாராரா?"

"அவரு இன்னும் சொல்லலக்கா."

"சரி, அவரு வாயால சொல்லட்டும், அப்ப அவருக்கு விரிக்கேன்."

சவேரியம்மா அதற்கு மேலும் சொன்னாள். கடலில் போகிற ஜனங்கள் அவர்கள். வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போனவனுக்குக் கரையில் ஆள் நிற்கணும், வரவில்லை என்றால் தேடிக்கொண்டு போய்க் கூட்டி வரணும், இது எங்க திட்டு உண்டான நாளிலிருந்து உள்ள வழக்கம், விருந்தாளிக்கும் அதுதான் என்று சொன்னாள். கோமளத்தின் காதில் பாதி விழுந்தது. மீதியைக் கிரைண்டர் தின்றது.

மாசியில் தெருவில் ஒரு கல்யாணம், மாவு இல்லாமல் முடியுமா? சித்திரை முடியட்டும்க்கா, கண்டிப்பா வர்றேன் என்றாள். சித்திரையில் கோயில் கொடை. ஆடியில் தணிகாசலத்துக்குக் கண் ஆபரேஷன். அப்புறம் தீபாவளி, அப்புறம் மார்கழி, அப்புறம் கிரைண்டர் கல் தேய்ந்து கொத்த வேண்டியதாயிற்று. ஒவ்வொரு தடவையும் போன் போட்டு, வர்றேன்க்கா, வர்றேன்க்கா. வரமாட்டேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. நம்ம ஊரில் யார் சொல்கிறார்கள்? பத்திரிகை வைத்தால் கண்டிப்பா வந்துர்றோம் என்கிறோம், அன்றைக்கு வீட்டில் காலை நீட்டிப் படுத்துக் கிடக்கிறோம், பத்திரிகை வைத்தவரும் அது தெரிந்துதான் இலை போடுகிறார், ஒருத்தருக்கும் வருத்தமில்லை. முகத்துக்கு நேரே வரலை என்று சொன்னால்தான் பகை. கோமளம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டாள். அந்த மரியாதையை அங்கே ஒரு ஜனம் அப்படியே நம்பிக்கொண்டு, வருஷக்கணக்காகக் கரையில் ஆள் நிறுத்திக் காத்திருக்கும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை.

இப்போது வந்து நிற்கிறது.

சவேரியம்மா அன்றைக்கே கடைக்கு வந்தாள். கட்டையான பொம்பளை, வெயிலில் கறுத்த முகம், கழுத்தில் செபமாலை, விரல் நகமெல்லாம் நீலச்சாயம். வந்தவள் கோபமாக வந்திருந்தாலாவது பரவாயில்லை, சிரித்துக்கொண்டு வந்தாள்.

"கோமளம் தங்கச்சி நீதானா? குரல வச்சுக் கண்டுபிடிச்சிட்டேன். பாய் விரிச்சே கெடக்கு. எப்பம் வார?"

கோமளம் கிரைண்டர் பக்கம் கையைக் காட்டினாள். "இதோ வந்துர்றேன்க்கா. இந்த ஈடு மட்டும் ஆட்டிட்டு..."

"அவசரமில்ல. நீ வந்து ஒரு பகல் நல்லாத் தூங்கு. நீ தூங்குனா எங்க வேலை முடிஞ்சிரும், திட்டு தன்னால கடலுக்குத் திரும்பிரும். ஆனா ஒண்ணு தங்கச்சி. எங்க மண்ணு சிப்பியும் சங்கும் பவளமும் இறுகி ஆனது. உப்புத்தண்ணி இருந்தாத்தான் இறுகி நிக்கும். இது நல்ல தண்ணி. ரொம்ப நாள் தாங்காது."

சொல்லிவிட்டு ஒரு தூக்கு மாவு வாங்கிக்கொண்டு போனாள். கோமளம் அன்றைக்கு மூன்று தடவை உப்புப் போட மறந்தாள்.

ஊர் அதற்குள் தீவை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டது. கவுன்சிலர் வடமலை கரையில் ஒரு வளைவு கட்டி, கட்டிய வளைவில் தன் படத்தை வைத்தார். படகு விட்டார்கள். பஜ்ஜிக்கடை வந்தது, கரும்புச்சாறு வந்தது, பலூன்காரன் வந்தான். ஏரிக்குப் பொறுப்பான அதிகாரி ஒருத்தர் வந்து, நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று ஒரு பனைமரத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு, ஒட்டிய கையோடு குடும்பத்தைக் கூட்டி வந்து படம் எடுத்துக்கொண்டார். பூசாரி தெப்பம் இனிமேல் தீவை வலம் வரணும் என்று சாமியிடம் கேட்டுச் சொன்னார், சாமியும் சரி என்றதாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள், நிச்சயதார்த்த ஜோடிகள் வந்தார்கள், சும்மா இருக்க வந்த ஜனம் ஓட்டமும் நடையுமாகத் தீவைச் சுற்றிவிட்டு, பஜ்ஜி தீர்ந்துவிடும் என்று ஓடியது. சித்திரத்திட்டுக்காரர்கள் வருகிறவர்களுக்கெல்லாம் தின்பண்டமும் தண்ணீரும் கொடுத்து, உட்காருங்க உட்காருங்க என்றார்கள். யாரும் உட்காரவில்லை.

ஒன்று மட்டும் எல்லோரும் கேட்டார்கள். தீவில் எந்தச் சித்திரத்தைப் பார்த்தாலும் ஓரிடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் சுவர் தெரியும். மீனுக்கு வால் இருக்கும், ஒரு கண் இருக்காது. படகுக்குப் பாய் இருக்கும், பாயின் ஒரு மூலை இருக்காது. பெயின்ட் தீந்துபோச்சா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். அது விட்ட இடம், முழுக்கப் போட்டுட்டா நாளைக்கு எதுக்கு எந்திரிக்கணும், கை ஆறுறதுக்கு ஒரு இடம் வேணாமா என்று தீவுக்காரர்கள் சொன்னார்கள். சரியான சோம்பேறிங்க என்று ஊர் தீர்மானித்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை கோமளம் போனாள். பீரோ மேலிருந்து பையை இறக்கி, தொப்பியைத் தட்டி, படகில் ஏறினாள். சவேரியம்மா அவளை உள்ளே கூட்டிப்போய்ப் பாயில் படுக்கவைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனாள். குளிர்ந்த காற்று, பஞ்சுத் தலையணை, எதிர்ச் சுவரில் ஒரு பெரிய ஆமை. கோமளம் கண்ணை மூடினாள். காதுக்குள் கிரைண்டர் ஓடியது. புரண்டு படுத்தாள், ஓடியது. கரையிலிருந்து யாரோ, கோமளக்கா, சாயங்காலத்துக்கு மாவு இருக்கா என்று கத்தினார்கள். கண்ணைத் திறந்தால் எதிரே அந்த ஆமை. முதுகில் எல்லாக் கட்டமும் நிரம்பி, ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக. பார்க்கப் பார்க்க அவளுக்குக் கை நமநமத்தது. பாதியில் விட்ட எதையும் அவள் வாழ்நாளில் பார்த்துக்கொண்டு இருந்ததில்லை. கோலத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனால் பாதி வழியிலிருந்து திரும்பி வந்து போடுகிறவள். பாவம், யாரோ மறந்துட்டாங்க என்று எழுந்து, மூலையில் இருந்த சுண்ணாம்பையும் நீலத்தையும் குழைத்து, அழகாக, அவர்களே போட்ட மாதிரி, அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டாள்.

வெளியே பனைமரங்கள் ஒரு வரிசையாகச் சரிந்த சத்தம் கேட்டது. தீவின் தெற்கு ஓரம் டீயில் நனைத்த பொறை ரொட்டி மாதிரிக் கரைந்து ஏரிக்குள் இறங்கியது.

சவேரியம்மா ஓடி வந்தாள். ஆமையைப் பார்த்தாள். கோமளத்தின் நீல விரலைப் பார்த்தாள். அவள் முகத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை.

"நெரப்பிட்டியா தங்கச்சி?"

"மறந்துட்டாங்கன்னு நினைச்சேன்க்கா..."

"அது உனக்குன்னு விட்டது. அதப் பாத்துக்கிட்டே நீ தூங்கணும்னு விட்டது." ஒரு கத்தியை எடுத்துச் சுரண்டிப் பார்த்தாள். கோமளத்தின் கைவேலை என்றைக்குமே கெட்டியானது, சுரண்டினால் வரவில்லை. "சரி, போ. அழாத. நீ வேணும்னா செஞ்ச? இன்னொரு நாள் வா. ஆனா தங்கச்சி, எதையாச்சும் ஒண்ண விட்டுட்டு வரணும். வெறுங்கையோட வா. முடிச்சிட்டு வாரேன்னு வராத."

கோமளம் அழுதுகொண்டேதான் படகில் திரும்பினாள். நல்லது செய்யப் போய் இப்படி ஆகிவிட்டதே, நாலு மரத்தைக் கொன்றுவிட்டேனே, அந்தப் பொம்பளை ஒரு வார்த்தை திட்டாமல் விட்டுவிட்டாளே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

மறு வாரமே போயிருக்கணும். போக விட்டார்களா? கோமளம் தூங்கினால் தீவு போய்விடும் என்கிற சேதி எப்படியோ கசிந்து, வடமலை பத்துப் பேரோடு வந்து அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"அக்கா, உங்களாலதான் இந்த ஊருக்கே விடிஞ்சிருக்கு. நாலு குடும்பம் அடுப்பு எரியுது. நீங்க பாட்டுக்குப் போயிப் படுத்துட்டீங்கன்னா எல்லாம் போச்சு. கொஞ்சம் பொறுத்துக்குங்கக்கா. தூங்குறதெல்லாம் எங்க போயிரப் போவுது?"

"தம்பி, அவங்க மண்ணு கரையுது. இந்தத் தண்ணி ஒத்துக்காமப் பொம்பளப் பிள்ளைங்க மேலெல்லாம் கொப்புளம் போட்டுக்கிடக்கு. கண்ணால பாத்துட்டு வந்து சொல்றேன்."

"அதுக்குத்தான் உப்பு மூட்டை கொட்டலாம்னு தீர்மானம் போட்டிருக்கோம்கா."

உப்பு மூட்டை வந்ததோ இல்லையோ, மாவுக்கு ஆர்டர் வந்தது. டிபன் கடைகள், ஏரிக்கரை ஓட்டல், கல்யாண மண்டபம், எல்லாருக்கும் தீவைப் பார்க்க வருகிற ஜனத்துக்கு இட்லி வேண்டும். அவள் அசந்து உட்கார்ந்தால் யாராவது ஒருத்தர் சிரித்த முகத்தோடு ஒரு காலிப் பாத்திரத்தை நீட்டினார்கள். அவளை ஒருத்தரும் அதட்டவில்லை, கட்டிப் போடவில்லை. அக்கா, பெரியம்மா, அண்ணி, ஒரு வாட்டி மட்டும் என்று அன்பாகவே கேட்டு அவளை அந்த ஸ்டூலிலேயே வைத்தார்கள்.

தணிகாசலமாவது அவள் பக்கம் நின்றிருக்கலாம். அவரைப் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்க வைத்துவிட்டார் வடமலை. ரிட்டயர் ஆன பிறகு மூலையில் கிடந்த மனுஷன், தோளில் மறுபடி பை ஏறியதும் பத்து வயது குறைந்தார். விசில் ஊதினார், வரிசையில வாங்க வரிசையில வாங்க என்று கூவினார், சாப்பிட வரும்போது பாட்டு முணுமுணுத்தார். கோமளத்துக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிறு எரியவும் செய்தது.

"ஏங்க, நாம ரெண்டு பேரும் நாளைக்குப் போயிரலாங்க. பாவங்க அவங்க."

"போவோம் கோமளம், போகாமலா? பொங்கல் கூட்டம் முடியட்டும். வாசல்லயே இருக்குற தீவு, அதுக்கென்ன அவசரம்?"

அவர் கெட்ட மனுஷன் இல்லை. அவள் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னார்.

தீவு சுருங்கியது. ஒரு வீடு இறங்கும், அந்த வீட்டுக்காரர்கள் பாயும் பானையுமாகக் கரைக்கு வந்து, பள்ளிக்கூடத்துப் பழைய கட்டடத்தில் ஒதுங்குவார்கள். அடுத்த வாரம் இன்னொரு வீடு. ஏரிக் கெண்டையைத் தின்னமுடியாமல் தின்றார்கள், இதுல உப்பே இல்லையே என்று பிள்ளைகள் அழுதன. ஆண்கள் கடைவீதியில் போர்டு எழுதப் போனார்கள். கடைக்காரர்கள் ஒரு மூலை விடக் கூடாது, முழுக்க அடிக்கணும் என்றார்கள், முழுக்க அடித்தார்கள். முழுக்க அடித்துவிட்டுச் சாயங்காலம் கரையில் வந்து உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு தங்கள் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் கோமளத்தைக் குறை சொல்லவில்லை. தெருவில் பார்த்தால், எப்பம் வாரீங்க என்று மட்டும் கேட்டார்கள். அவளும் வர்றேன் வர்றேன் என்று சொல்லிச் சொல்லி, ஒருநாள் அந்த வார்த்தை வாய்க்குள்ளேயே கசந்தது.

கடைசியில் சவேரியம்மா வீடும், ஒரு சின்னக் கோயிலும், ஒரு பனையும் மட்டும் மிச்சம். தீவில் ஆள் ஏறினால் தாங்காது என்று படகை நிறுத்திவிட்டார்கள். வடமலையா விடுகிறவர்? கரையில் கயிறு கட்டி, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதற்கு டிக்கெட் போட்டார்.

அன்றைக்கு மத்தியானம் கோமளம் ஓட்டல் அரிசியை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அந்த ஒற்றைப் பனை, யாரோ தலையைச் சாய்த்துக் கேட்பது மாதிரி, அவள் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. அரிசி அப்போது பாதிதான் மசிந்திருந்தது, விரலில் எடுத்தால் ரவை ரவையாக இருந்தது. இன்னும் கொஞ்சம் ஓடணும், இன்னும் ஒரு கை தண்ணீர் தெளிக்கணும். கோமளத்தின் கை தண்ணீர்ச் செம்பு வரைக்கும் போனது. போன கை அப்படியே விலகி, சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தது.

கல் நின்றது. உலகத்தில் இத்தனை வருஷமாக அவள் செய்யாத காரியம் அது. பாதி அரிசி கல்லுக்குள் கிடக்க, கையைக்கூடக் கழுவாமல், பையை எடுக்காமல், அந்த ஓலைத் தொப்பியை எடுக்காமல் அவள் தெருவில் இறங்கி நடந்தாள். திருடிக்கொண்டு ஓடுகிறவள் மாதிரி இருந்தது அவளுக்கு. கடைவீதியில் ஏணி மேல் நின்று போர்டு எழுதிக்கொண்டிருந்த தீவுக்காரன் ஒருத்தன், மாவுக் கையோடு அவள் போவதைப் பார்த்தான். ஒரு எழுத்தைப் பாதியில் விட்டு இறங்கினான். அடுத்த கடையில் இன்னொருத்தன் இறங்கினான். பள்ளிக்கூடத்திலிருந்து பெண்கள் பாயைச் சுருட்டாமல், உலையை இறக்காமல், பிள்ளைகளை மட்டும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அவள் பின்னால் அந்த ஜனம் முழுக்க நடந்தது.

துறையில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார் தணிகாசலம். கயிற்றோரமாகக் கூட்டம் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தது.

"என்ன கோமளம், கையெல்லாம் மாவு? எங்க கிளம்பிட்ட?"

"போறேங்க."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடச்சீ, என்ன பேச்சு இது? போறேன்னா சொல்லுவாங்க? போயிட்டு வர்றேன்னு சொல்லு."

"அதச் சொல்லிச் சொல்லித்தாங்க இவங்கள இங்க கொண்டாந்து போட்டிருக்கேன். இனிமே எனக்குத் தெரியாத ஒண்ண நான் சொல்ல மாட்டேன்." அவள் அவர் கையைப் பிடித்தாள், மாவு ஒட்டியது. "நீங்க வாங்களேன். இப்பவே. எதையும் எடுக்காதீங்க, வாங்க."

அவர் அவளைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். வரிசையில் நின்ற ஒருத்தன், சார் ரெண்டு பெரியவங்க ஒரு அரை என்று கையை நீட்டினான். "இந்தக் கூட்டத்த விட்டுட்டா கோமளம்? நான் எப்பிடி..." என்று பழக்க தோஷத்தில் கை டிக்கெட்டைக் கிழித்தது. கோமளத்துக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நேற்று வரைக்கும் அவளும் அப்படித்தானே இருந்தாள். பிடித்த கையை விட்டுவிட்டு, துறையில் சும்மா கட்டிக்கிடந்த படகை அவிழ்த்து ஏறினாள்; தீவு ஜனமும் மற்றப் படகுகளை அவிழ்த்துக்கொண்டு பின்னாலேயே வந்தது.

சவேரியம்மா வாசலில் நின்றாள். முழங்கால் வரைக்கும் தண்ணீர் ஏறியிருந்தது, பாய் விரித்த அறை மட்டும் ஈரமில்லாமல் இருந்தது.

"இந்தத் தடவ எத விட்டுட்டு வந்த தங்கச்சி?"

"அரிசியக்கா. கல்லுக்குள்ள, பாதில."

"அது போதும்" என்று சவேரியம்மா அவள் தலையைத் தொட்டாள்.

கோமளம் படுத்தாள். வெளியே தீவுக்காரர்கள் ஒவ்வொருத்தராக வந்து கிடைத்த இடத்தில் உட்காருகிற சத்தம். அவள் தன் அரிசியை நினைத்தாள்: இப்போது தண்ணீர் பிரிந்திருக்கும், இன்னும் கொஞ்ச நேரத்தில் மேலே ஆடை கட்டும், நாளைக்குப் புளித்து நாறும், ஊர் வந்து கதவைத் தட்டும். தட்டட்டும். எழுந்திருக்கணும் போல இருந்தது, எழுந்திருக்கவில்லை. காதுக்குள் கிரைண்டர் ஓடியது, சுற்றியது, தேய்ந்தது, மெதுவாகியது, நின்றது. நின்ற இடத்தில் இருந்த அமைதியைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்தது. இது இவ்வளவு நாளாக எங்கே இருந்தது என்று நினைத்துக்கொண்டே அழுதாள். முதுகுக்குக் கீழே தரை லேசாக அசைந்தது. ஜன்னலில் ஏரிக்கரை வளைவும் வடமலையின் படமும் மெல்ல நகர்ந்தன, காற்றில் எங்கிருந்தோ உப்பு வாசனை வந்தது. கண் இமைகள் கனத்தன.

அப்போதுதான் கரையில் விசில் கேட்டது. அதைத் தொடர்ந்து அந்தக் குரல், பஸ் ஸ்டாண்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கிற கண்டக்டர் குரல், அழுகையில் உடைந்து தண்ணீர் மேல் ஓடி வந்தது.

"கோமளம்! ஏ கோமளம்! நீ போ! நானும் வர்றேன்! இந்தப் பொங்கல் முடியட்டும், மாசக் கடைசில கண்டிப்பா வர்றேன்!"

சவேரியம்மா தலையை நிமிர்த்திக் கேட்டாள். அவள் முகம் மலர்ந்தது. "உன் வீட்டுக்காரரு வாய் தொறந்துட்டாரு. வாரேங்காரு."

"ஐயோ அக்கா, அவரு ஒரு பேச்சுக்குச் சொல்றாரு. வர மாட்டாரு. நீங்க காதுலயே போட்டுக்காதீங்க" என்று கோமளம் சொல்லப் பார்த்தாள், எழுந்து ஓடி ஜன்னலில் நின்று, சொல்லாதீங்க, அந்த வார்த்தையச் சொல்லாதீங்க என்று கத்தப் பார்த்தாள். நாக்கு அசையவில்லை, கால் அசையவில்லை. அத்தனை வருஷத்துத் தூக்கமும் ஒரேயடியாக அவள் மேல் வந்து உட்கார்ந்திருந்தது.

சவேரியம்மா உள்ளே போய் இன்னொரு பாயை எடுத்து வந்தாள். மணல் போக நன்றாக உதறி, கோமளத்தின் பாய்க்குப் பக்கத்தில் விரித்து, தலைமாட்டில் ஒரு தலையணையை வைத்து, மடங்கியிருந்த ஓரத்தைக் கையால் நீவிவிட்டாள்.

"மாசக் கடைசின்னா சொன்னாரு?" என்று கேட்டாள்.

கோமளம் தூங்கியிருந்தாள்.